இளையோருக்கான சர்வதேச வயலின் போட்டி: குழந்தையை அனுப்பலாமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு 12 வயது. சிறு வயதிலிருந்தே மேற்கத்திய வயலின் கற்கிறாள். இளையோருக்கான சர்வதேசப் போட்டி ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார் ஆசிரியர். அங்கே என்னதான் நடக்கும், பரிசு வராவிட்டால் செலவும் உழைப்பும் வீண்தானா, தோற்றால் குழந்தைக்கு வயலின் மேலேயே வெறுப்பு வந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்பலாம். ஆனால் எந்தப் போட்டி என்று தேர்ந்தெடுக்கும்போது பரிசுத்தொகையைப் பார்க்காமல், வாசிக்க வேண்டிய படைப்புகளின் பட்டியலை முதலில் பாருங்கள். நல்ல போட்டி ஒரு குழந்தைக்குத் தருவதில் பெரும்பகுதி, அந்தப் பட்டியலைத் தயார் செய்யும் மாதங்களிலேயே கிடைத்துவிடுகிறது. மீதி, போட்டி நடக்கும் ஊரில் தன் வயதுப் பிள்ளைகளைக் கேட்பதில் கிடைக்கிறது. யார் முதலிடம், யார் நான்காமிடம் என்பது அன்றைக்கு அந்த அரங்கில் இருந்த சில நடுவர்களின் காதுகள் சேர்ந்து போட்ட கணக்கு. அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் பெற்றோர் நினைக்கும் அளவுக்கு இல்லை.

இந்த வயதினருக்கான போட்டி என்றதும் பலர் முதலில் சொல்வது மெனுஹின் போட்டியை. வயலின் மேதை யெஹுதி மெனுஹின் 1983-ல் இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ஃபோக்ஸ்டனில் இதைத் தொடங்கினார். 22 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும். அதிலும் 16-க்குக் கீழே ஜூனியர், அதற்கு மேல் சீனியர். பிற்காலத்தில் போட்டி ஊர் ஊராகப் போக ஆரம்பித்தது: 2008-ல் கார்டிஃப், 2010-ல் ஆஸ்லோ, 2012-ல் பெய்ஜிங், 2014-ல் டெக்சஸின் ஆஸ்டின், மெனுஹினின் நூற்றாண்டான 2016-ல் லண்டன், 2018-ல் ஜெனீவா. 2020-ல் அமெரிக்காவின் ரிச்மண்டில் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய், 2021-ல் இணையவழியில் நடந்தது. 1995-ல் இங்கே வென்ற யூலியா ஃபிஷர், 2008-ல் வென்ற ரே சென், 2021-ல் சீனியர் பிரிவில் வென்ற மரியா துவேன்யாஸ் மூவரும் இன்று உலக மேடைகளில் வாசிக்கிறார்கள்.

மெனுஹின் போட்டிகளால் மேலே வந்தவர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1929-ல் பெர்லினில் பாக், பீத்தோவன், பிராம்ஸ் மூவரின் கான்செர்ட்டோக்களையும் (இசைக்குழுவோடு ஒரு தனி வாத்தியம் வாசிக்கும் பெரிய படைப்புகள்) ஒரே மாலையில் வாசித்தபோது அவருக்கு 12 வயது. 16 வயதில் ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் கான்செர்ட்டோவை எல்கரே இசைக்குழுவை நடத்த ஒலிப்பதிவு செய்தார். ஆனால் சிறு வயதில் யோசிக்காமலே வந்த வாசிப்பு வளர்ந்த பிறகு கைநழுவத் தொடங்கியது. வில்லை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து அவர் எல்லாவற்றையும் திரும்ப யோசிக்க வேண்டியிருந்தது. இதை அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். 1963-ல் அவர் தொடங்கிய இசைப் பள்ளியிலும், 20 ஆண்டு கழித்துத் தொடங்கிய இந்தப் போட்டியிலும் அந்த அனுபவத்தின் தடம் இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்தப் போட்டியில் நடுவர்கள் மதிப்பெண் போடுவதோடு நிற்பதில்லை. அவர்களும் மேடையேறி வாசிக்கிறார்கள், வகுப்பு எடுக்கிறார்கள். முதல் சுற்றிலேயே வெளியேறிய பிள்ளையும் ஊரில் தங்கி அந்த வகுப்புகளில் கலந்துகொள்ளலாம். தோற்றவரை மறுநாளே பெட்டி கட்டவைக்கும் போட்டிக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

மெனுஹின் ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். செக் நாட்டின் ஊஸ்தி நாட் ஓர்லிட்சி என்ற சிறு நகரில் கோட்சியான் போட்டி 1959 முதல் நடந்து வருகிறது. அது 16 வயது வரையுள்ளவர்களுக்கானது, வயதுவாரியாகப் பிரிவுகள் உண்டு. முதல் அனுபவத்துக்கு அந்த மாதிரி இடம் மிகவும் பொருத்தம் என்பேன். ஜெர்மனியின் வைமாரில் லூயி ஷ்போர் பெயரிலும், போலந்தின் லுப்ளினில் லிபின்ஸ்கி, வீனியாவ்ஸ்கி இருவர் பெயரிலும் இளையோர் போட்டிகள் இருக்கின்றன. பிரஸ்ஸல்ஸின் ராணி எலிசபெத், மாஸ்கோவின் சைகோவ்ஸ்கி, ஹெல்சிங்கியின் சிபேலியஸ் எல்லாம் வளர்ந்தவர்களுக்கான களம். அவற்றை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

பரிசு வராவிட்டால் வீணா என்ற கேள்விக்கு ஒருவரின் கதையைச் சொல்கிறேன். ஜினெத் நவூ 1919-ல் பாரிஸில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது வியன்னாவில் நடந்த ஒரு சர்வதேசப் போட்டிக்குப் போனார். கிடைத்தது நான்காமிடம். ஆனால் அங்கே நடுவராக இருந்தவர் கார்ல் ஃபிளெஷ், அந்தக் காலத்தின் மிகப் பெரிய வயலின் ஆசிரியர்களில் ஒருவர். நவூவின் வாசிப்பு அவரை உலுக்கிவிட்டது. கட்டணம் வாங்காமல் சொல்லித்தருகிறேன், வா என்று அழைத்தார். குடும்பத்தின் பண நிலையால் உடனே போக முடியவில்லை. பிறகு போய்ச் சேர்ந்தார்.

1935-ல் வார்சாவில் வீனியாவ்ஸ்கி போட்டி முதன்முறையாக நடந்தது. நவூவுக்கு அப்போது 15 வயது. எதிரே இருந்தவர்களில் ஒருவர் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த டேவிட் ஆய்ஸ்த்ராக், வயது 26. முதலிடம் நவூவுக்கு, இரண்டாமிடம் ஆய்ஸ்த்ராகுக்கு. அந்தப் பெண் வாசித்ததைக் கேட்டபின் முடிவில் தனக்குக் குறையில்லை என்கிற தொனியில் ஆய்ஸ்த்ராக் மனைவிக்குக் கடிதம் எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து பிரஸ்ஸல்ஸில் இசாயி பெயரில் நடந்த போட்டியில் அவர் முதலிடம் பெற்றார். அந்தப் போட்டிதான் பின்னாளில் ராணி எலிசபெத் போட்டியானது. நவூ 1949-ல் அசோர்ஸ் தீவுகளில் நடந்த விமான விபத்தில் 30 வயதில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற சிபேலியஸ், பிராம்ஸ் ஒலிப்பதிவுகளை இன்றும் கேட்கலாம்.

வியன்னாவில் நான்காவதாக வந்த அந்தச் சிறுமி நல்ல ஆசிரியரோடுதான் திரும்பினாள். உங்கள் மகளை அனுப்பும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அங்கே அவளை யார் கேட்கப் போகிறார்கள் என்பதுதான்.

சரி, படைப்புப் பட்டியலுக்கு வருகிறேன். இளையோர் போட்டிகளின் முதல் சுற்றில் பெரும்பாலும் பாக் இருப்பார். துணை வாத்தியமில்லாத வயலினுக்காக அவர் எழுதிய சொனாட்டா, பார்ட்டிட்டா என்ற பல பகுதிகள் கொண்ட ஆறு படைப்புகளின் கைப்பிரதி 1720-ஆம் ஆண்டுக்குரியது. ஏன் இதையே எல்லோரும் கேட்கிறார்கள்? ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பியானோ இல்லை, பெரிய உணர்ச்சி அலைகள் இல்லை. மூன்று நான்கு தந்திகளில் ஒருங்கே ஒலிக்க வேண்டிய நாதங்களை ஒரே வில்லால் எடுக்க வேண்டும். அதில் எது மேல் குரல், எது கீழ்க் குரல் என்று கேட்பவருக்குப் புரிய வேண்டும். சுருதி ஒரு நூலளவு விலகினாலும் உடனே தெரிந்துவிடும். ஒரு குழந்தைக்கு இதை ஆறு மாதம் ஒழுங்காகச் சொல்லித்தந்தால் அவளுடைய காது முன்பு இருந்த காதாக இருக்காது. போட்டிக்கே போகாவிட்டாலும் அந்தக் காது அவளுடையது.

அடுத்தது பகனினி. 1820-ல் அச்சான 24 கேப்ரிஸ்களில், அதாவது தனி வயலினுக்கான சிறு படைப்புகளில், ஒன்றோ இரண்டோ கேட்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு தொழில்நுட்பச் சிக்கலைக் கையில் எடுத்துக்கொண்டு அதை இசையாக்குகிறது: ஒன்றில் வில்லைத் தந்திகள்மேல் துள்ளவைக்க வேண்டும், ஒன்றில் இரண்டு தந்திகளை ஒருங்கே ஒலிக்க வேண்டும், ஒன்றில் இடக்கை விரலாலேயே தந்தியைச் சுண்ட வேண்டும். இங்கே பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. 12 வயதுக் கையின் அகலம் எல்லாருக்கும் ஒன்றில்லை. விரல்களை அகல விரிக்க வேண்டிய கேப்ரிஸை, கை இன்னும் வளராத குழந்தைக்கு, மேடையில் பிரமாதமாக இருக்கும் என்பதற்காகக் கொடுக்கக் கூடாது. முக்கால் அளவு வயலினில் வாசிக்கிற குழந்தையை முழு அளவுக்கு அவசரமாக மாற்றுவதும் அப்படித்தான். முழு வயலினில் சத்தம் பெரிதாக வரும் என்று சொல்வார்கள். வரும்தான், ஆனால் தோளும் மணிக்கட்டும் அதற்கு விலை கொடுக்கும். ஆசிரியர் தரும் தேர்வில் இது ஒன்றை மட்டும் தயங்காமல் கேளுங்கள்: இந்தக் கைக்கு இது பொருந்துமா?

மொசார்ட் பார்க்க எளிது. அவருடைய ஐந்து வயலின் கான்செர்ட்டோக்களில் கடைசி நான்கும் 1775-ல், 19 வயதில் எழுதியவை. வேகமாக விரலோட்டும் பிள்ளைகள் பலர் மொசார்ட்டில்தான் தடுமாறுகிறார்கள். ஒரு சாதாரண வாக்கியத்தை மூச்சு விட்டு, புன்னகையோடு சொல்லத் தெரிய வேண்டும். அழுத்தினால் கனத்துவிடும், விட்டால் வெறுமையாகிவிடும். கான்செர்ட்டோவுக்குள் தனியாக வாசிக்கிற கடென்ஸா பகுதியைக் குழந்தையே எழுதிப் பார்க்கட்டும். அதைப் போட்டியில் வாசிக்க வேண்டும் என்றில்லை. மொசார்ட்டின் மெட்டுகளை எடுத்துத் தானே கோக்க முயன்ற குழந்தை, அந்தக் கான்செர்ட்டோவின் மற்ற பக்கங்களையும் வேறு மாதிரி வாசிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மெனுஹின் ஜூனியர் இறுதிச் சுற்று. 2018-ல் ஜெனீவாவில் சிங்கப்பூரின் குளோயி சுவா, ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டியன் லீ இருவரும் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அவளுக்கு 11 வயது, அவனுக்கு 10. விவால்டியின் நான்கு பருவங்களிலிருந்து அவள் குளிர்காலத்தை வாசித்தாள், அவன் கோடைகாலத்தை. பெரியவர்கள் நிறைந்த இசைக்குழுவுக்கு முன்னால் நின்று, வயலினைத் தோளில் வைத்தபடியே அந்தக் குழந்தைகள்தான் வாசிப்பைத் தொடங்கி வழிநடத்த வேண்டும். ஒரு தலையசைப்பு, ஒரு மூச்சு, வில்லின் ஒரு எழுச்சி: அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். காணொளியைக் கிடைத்தால் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். விரல்களைப் பார்க்காமல், அந்தப் பிள்ளைகள் பின்னால் இருப்பவர்களை எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். தனி அறையில் எத்தனை மணி நேரம் சாதகம் செய்தாலும் இது வராது. மற்றவர்களோடு சேர்ந்து வாசித்துத்தான் வரும். ஆகவே போட்டிக்குத் தயாராகும் காலத்தில் குழுவில் வாசிப்பதை நிறுத்தச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள்.

பல போட்டிகளில் புதிதாக எழுதவைத்த படைப்பு ஒன்றும் கட்டாயமாக இருக்கும். அதற்கு ஒலிப்பதிவே கிடையாது. யாரையும் கேட்டு நகல் எடுக்க முடியாது, இசைக்குறிப்பை வைத்துக்கொண்டு தானே யோசிக்க வேண்டும். ராணி எலிசபெத் போட்டியில் இது இன்னும் கடுமை: இறுதிச் சுற்றுக்கு வந்த 12 பேரும் வெளித்தொடர்பு இல்லாமல் ஒரு வாரம் தங்கி, அங்கே கையில் தரப்படும் புதுப் படைப்பைத் தாமாகவே கற்க வேண்டும். ஆசிரியரைக் கேட்க முடியாது. குழந்தைகளிடம் அவ்வளவு யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் இன்றைய பிள்ளைகள் எந்தப் படைப்பை எடுத்தாலும் முதலில் ஒரு பதிவைத் தேடிக் கேட்டுவிட்டுத்தான் வயலினை எடுக்கிறார்கள். அதை உடைக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

நடுவர்களைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஒழுங்கான போட்டியில் நடுவர் தன் மாணவருக்கு மதிப்பெண் போட மாட்டார். பிரஸ்ஸல்ஸின் ராணி எலிசபெத் போட்டியில் நடுவர்கள் தங்களுக்குள் கலந்துபேசாமல் தனித்தனியாகவே மதிப்பிடுகிறார்கள். அப்படி இருந்தும் முடிவு முழுக்க இசையை மட்டும் சொல்வதில்லை. அந்தப் போட்டியின் பழைய முடிவுகளை ஃப்ளோரெஸ், கின்ஸ்பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் அலசி 1996-ல் வெளியிட்டார்கள். யார் எந்த நாள் வாசிப்பது என்பது குலுக்கலில் முடிவாகிறது. ஆனாலும் இறுதிச் சுற்றின் முதல் நாளில் வாசித்தவர்கள் மேலிடங்களுக்கு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. நடுவர்களே அந்தப் புதுப் படைப்பை முதல் நாளில்தான் இசைக்குழுவோடு முழுசாகக் கேட்கிறார்கள், கேட்கக் கேட்க அது அவர்களுக்குப் பழகுகிறது என்பது ஒரு விளக்கம். 2013-ல் சியா-ஜுங் ட்சாய் வெளியிட்ட ஆய்வு இன்னும் யோசிக்கவைப்பது. செவ்வியல் இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுப் பதிவுகளைச் சிலருக்கு ஒலியாக மட்டும் கொடுத்தார், சிலருக்கு ஒலியில்லாத காட்சியாக மட்டும் கொடுத்தார். உண்மையில் வென்றவர் யார் என்று அதிகம் சரியாகச் சொன்னவர்கள், ஒலியே இல்லாமல் பார்த்தவர்கள். இசைக் கலைஞர்களுக்கும் இதுதான் நடந்தது.

இதைப் படித்துவிட்டுப் போட்டியே பொய் என்று சொல்லாதீர்கள். மிக நன்றாக வாசிக்கிறவரையும் சுமாராக வாசிக்கிறவரையும் நடுவர்கள் தெளிவாகவே பிரித்துவிடுகிறார்கள். கடைசிச் சுற்றில் மிஞ்சும் ஆறேழு பேருக்குள் யார் எந்த இடம் என்பதில்தான் குலுக்கலும் நாளும் பார்வையும் நுழைந்துவிடுகின்றன. குழந்தையிடம் இதை முன்பே சொல்லிவைப்பது அவளுக்குச் செய்யும் நியாயம். எட்டாவது வந்தால் நீ எட்டாவது வயலின் கலைஞர் என்று பொருளில்லை என்பதை 12 வயதுக் குழந்தை நன்றாகப் புரிந்துகொள்ளும். பெற்றோர்தான் புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பிள்ளையின் உடம்பை யாரும் போதுமான அளவு கவனிப்பதில்லை. போட்டி நெருங்கும்போது சாதக நேரத்தை ஒரேயடியாக இரண்டு மடங்காக்குவார்கள். வலி வருவது அப்போதுதான். தாடையில் தழும்பு வருவது சாதாரணம். கழுத்து, தோள், இடக்கை மணிக்கட்டு வலித்தால் அது சாதாரணம் இல்லை. வலியோடு வாசிக்கிறவளைப் பாராட்டாதீர்கள். வயலினைக் கீழே வைக்கச் சொல்லுங்கள், மறுநாளும் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். இடையிடையே ஓய்வோடு சிறு சிறு பகுதிகளாகச் செய்யும் சாதகம், ஒரே மூச்சில் செய்யும் நீண்ட சாதகத்தைவிட நன்றாக நிற்கும்.

விண்ணப்பம் இப்போது பெரும்பாலும் காணொளி வழியாகத்தான். 2018 ஜெனீவா மெனுஹின் போட்டிக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து இரு பிரிவுக்கும் சேர்த்து 44 பேரைத்தான் எடுத்தார்கள். ஆகவே நிஜமான முதல் சுற்று அந்தக் காணொளி. ஒரு படைப்பின் நடுவில் வெட்டக் கூடாது, ஒலியை மெருகேற்றக் கூடாது என்ற விதியைக் கறாராகப் பார்க்கிறார்கள். எதிரொலி அதிகமாக உள்ள கூடத்தில் பதிவு செய்தால் வேகமான பகுதிகள் குழம்பிவிடும். மிகச் சிறிய அறையில் நாதம் வறண்டுவிடும். இரு கைகளும் வில்லும் முழுவதும் தெரிகிற மாதிரி காமிரா இருக்கட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்து முடிக்கப் பார்க்காதீர்கள். களைத்த குழந்தையின் பத்தாவது முயற்சி இரண்டாவதைவிட நன்றாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

போட்டியில் பியானோ வாசிக்க அவர்களே கலைஞர்களைத் தருவது வழக்கம். ஒத்திகை நேரம் மிகக் குறைவு. புதிய ஒருவரோடு சட்டென்று சேர்ந்து வாசிக்கும் பழக்கத்தை வீட்டிலிருக்கும்போதே உண்டாக்குங்கள். இரண்டு மூன்று வெவ்வேறு பியானோ கலைஞர்களோடு வாசித்துப் பார்த்தாலே போதும்.

அப்புறம் இன்னொன்று. கட்டணம் கட்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதாவது பரிசு தரும் இணையப் போட்டிகள் நிறைய முளைத்திருக்கின்றன. பெயரில் சர்வதேசம் இருக்கும், நடுவர்கள் யார் என்று தெரியாது. 1957-ல் உருவாகி ஜெனீவாவிலிருந்து இயங்கும் சர்வதேச இசைப் போட்டிகளின் உலகக் கூட்டமைப்போ, இளையோர் போட்டிகளுக்கான ஐரோப்பிய ஒன்றிப்போ சேர்த்துக்கொண்ட போட்டிகளிலிருந்து தொடங்குவது பாதுகாப்பு. நடுவர் பட்டியல் முன்கூட்டியே வருகிறதா, ஆசிரியர்-மாணவர் உறவுக்கு விதி இருக்கிறதா, வெளியேறியவர்களுக்கு என்ன தருகிறார்கள் என்று விதிப் புத்தகத்தில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வயது வரம்பும் பட்டியலும் மாறும், பழைய ஆண்டின் தாளை வைத்துத் தயார் செய்துவிடாதீர்கள்.

முடிவு அறிவித்த பிறகு பல போட்டிகளில் நடுவர்களோடு பேச நேரம் ஒதுக்குவார்கள். அதற்குக் கட்டாயம் போகச் சொல்லுங்கள், அழுத முகத்தோடு போனாலும் பரவாயில்லை. நீங்கள் பேசாதீர்கள், அவளே பேசட்டும். ஏன் எனக்குக் குறைத்தீர்கள் என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. பாக்கில் எந்த இடத்தில் உங்கள் கவனம் போனது, அடுத்த ஓர் ஆண்டு நான் எதில் வேலை செய்ய வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலான நடுவர்கள் மனம்விட்டுச் சொல்வார்கள். குறைந்தது இருவரிடமாவது கேட்கட்டும். இருவரும் ஒரே இடத்தைச் சுட்டினால் ஊர் திரும்பியதும் ஆசிரியரிடம் அதைச் சொல்லி அங்கிருந்து தொடங்கலாம். இருவரும் நேர்மாறாகச் சொன்னால் அந்த இடத்தைத் தானே முடிவு செய்ய அவளுக்கு உரிமை இருக்கிறது.